பியாஜே, வைகாட்ஸ்கியெல்லாம் தேர்வுக்கு மட்டும்தானா, வகுப்பறையிலும் உதவுமா?

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். குழந்தை மேம்பாட்டுப் பகுதியின் 30 மதிப்பெண்ணுக்காக, குழந்தையின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த பியாஜே சொன்ன நான்கு நிலைகளையும் அவற்றின் வயதுகளையும் உருப்போட்டு அலுத்துவிட்டது, வேலைக்குப் போனபின் இதனால் ஏதாவது பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பதினான்கு வருடங்களாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கிறேன். எனக்கு நிறையப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் நீங்கள் இப்போது உருப்போடும் அந்த வயதுப் பட்டியலால் அல்ல.

சில வருடங்களுக்கு முன் என் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். 42-லிருந்து 17-ஐக் கழி என்றால் 35 என்று எழுதுவான். 61-லிருந்து 24 என்றால் 43. இரண்டு வாரம் சிவப்பு மையில் சுழித்துச் சுழித்துக் கொடுத்தேன். கவனமில்லாத பையன் என்று அவன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்து, "எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லிக் குடு" என்றேன். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு. நாலுல ஒண்ணு போனா மூணு. பெரிசுல இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்" என்றான்.

சொன்னது நான்தான், ஒன்றாம் வகுப்பில். நான் கொடுத்த விதியை ஓர் இடத்தில்கூட மீறாமல் எல்லாக் கணக்கிலும் அவன் போட்டிருக்கிறான். அந்த வயதில் அத்தனை கவனமான பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

அன்றைக்குத்தான் பயிற்சி நிறுவனத்தில் படித்த பியாஜே எனக்குப் புரிந்தார். அவர் படித்தது விலங்கியல். நத்தை போன்ற மெல்லுடலிகளை ஆராய்ந்து 1918-இல் முனைவர் பட்டம் வாங்கியவர். பிறகு பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் சோதனைகளைத் தரப்படுத்தும் வேலைக்குப் போனார். எத்தனை விடை சரி என்று எண்ணுவதுதான் அங்கே வேலை. அவர் கண்ணோ தப்பான விடைகள் மேல் நின்றது. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரித் தப்பு செய்கிறார்கள், அப்படியானால் அதற்குள் ஒரு நியாயம் இருக்க வேண்டும் என்று குழந்தைகளோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பின்னால் வந்த எல்லாமே அங்கிருந்து முளைத்ததுதான்.

நம் வீட்டிலேயே இதைக் கேட்கலாம். எண் சொல்லப் பழகும் பிள்ளை "எழுபது, எண்பது, ஒன்பது" என்று சொல்லிவிட்டு நிற்கும். இருபது, முப்பது என்று வந்த வரிசைக்கு அதுதானே பொருத்தம்? தொண்ணூறு என்று யாராவது சொல்லாமல் அதற்கு எப்படித் தெரியும்!

நிலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பியாஜேயின் சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வரிசையில் ஒரே எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கி, இரண்டும் சமமா என்று கேட்பது. பிறகு ஒரு வரிசையைக் கொஞ்சம் அகட்டி வைத்து மறுபடி கேட்பது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பலர் நீளமானதில்தான் அதிகம் என்பார்கள். நான் புளியங்கொட்டையை வைத்துக் கேட்டபோதும் அப்படித்தான் வந்தது. வீட்டில் ஒரு தோசையை நாலாகப் பிய்த்து வைத்தால் சின்னவள் நிறையக் கிடைத்ததாகச் சந்தோஷப்படுவதும் இதே கணக்கில் சேரும். "எண்ணிக்கை மாறாது என்ற புரிதல் செயலுக்கு முந்தைய நிலையில் இல்லை" என்று, அதாவது ஏறக்குறைய ஏழு வயதுவரை அது வராது என்று, புத்தகம் முடித்துவிடும்.

ஆனால் 1970-களில் ஸ்காட்லாந்தில் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இருவர் அதே சோதனையில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். வரிசையைப் பெரியவர் கலைக்கவில்லை. ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை பெட்டியிலிருந்து வந்து கலைத்துவிட்டுப் போனது. இப்போது கேட்டால், நாலிலிருந்து ஆறு வயதுக்குள் இருந்த அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டும் சமம்தான் என்றார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு பெரியவர் உங்கள் எதிரிலேயே வேண்டுமென்று ஒன்றை மாற்றிவிட்டு, அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் என்ன நினைப்பீர்கள்? முன்பு சொன்ன விடை தப்பு போலிருக்கிறது என்றுதானே? குழந்தையும் அப்படித்தான் நம் முகத்தைப் படிக்கிறது. இதைப் படித்த பிறகு, சரியான விடை சொன்ன பிள்ளையிடம் "அப்படியா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று கேட்கும் பழக்கத்தை விட்டேன். பலரும் உடனே விடையை மாற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். காரணம் தெரிந்திருக்கவில்லை.

அதனால் ஏழு வயது, பதினொன்று வயது என்ற எல்லைகளைத் தேர்வில் எழுதுங்கள், வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வேலி போட வைத்துக்கொள்ளாதீர்கள்.

வைகாட்ஸ்கிக்கு வருகிறேன். பியாஜே பிறந்த அதே 1896-இல் பிறந்து, காசநோயால் 37 வயதில் இறந்த சோவியத் உளவியலாளர். அண்மை வளர்ச்சி மண்டலம் என்று படித்திருப்பீர்கள்: தனியாகச் செய்ய முடியாததை, தெரிந்தவர் ஒருவரின் துணையோடு செய்துவிடும் இடம். (அப்படித் துணை கொடுப்பதைக் குறிக்கும் சாரம் கட்டுதல் என்ற சொல்லையும் அவர் தலையில் கட்டிவிடாதீர்கள். அது 1976-இல் ப்ரூனர் என்ற உளவியலாளரும் வேறு இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் வந்தது.) எனக்கு அதைவிடப் பெரிதாக உதவியது அவர் முணுமுணுப்பைப் பற்றிச் சொன்னது. சின்னப் பிள்ளைகள் வேலை செய்யும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வதை, பிறர் பார்வையிலிருந்து யோசிக்கத் தெரியாததன் அடையாளம், வளர வளர மறைந்துவிடும் என்று பியாஜே கருதினார். வைகாட்ஸ்கி வேலையைக் கொஞ்சம் கடினமாக்கிப் பார்த்தார். படம் வரையும் பிள்ளைக்கு வேண்டிய பென்சில் அங்கே இருக்காது. உடனே அந்தப் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. நீலப் பென்சில் இல்லாவிட்டால் என்ன, சிவப்பால் வரைந்து தண்ணீர் தொட்டால் கருத்து நீலம் மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பிள்ளை தனக்கே சொல்லி வழி கண்டுபிடித்தது. அந்தப் பேச்சு மறைவதில்லை, உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்றார் அவர்.

நானோ அத்தனை வருடமும் "சத்தம் போடாம மனசுக்குள்ள போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் கட்டி முடிக்காத ஏணியை எடுத்து ஒளித்து வைத்ததற்குச் சமம் அது. எத்தனை பிள்ளைகளை அப்படி வாயடைத்தேனோ என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

கழித்தல் கணக்குப் போட்ட அந்தப் பையனோடு பேசிய மறுநாள், அவனுக்கு ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தேன். நாலு கட்டும் இரண்டு உதிரியும். பதினேழு குச்சி எனக்கு வேண்டும் என்றேன். உதிரி இரண்டையும் கொடுத்துவிட்டுக் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த பெண் "ஒண்ணை அவுறேன்டா" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. அன்று அவன் அவிழ்த்து எண்ணினான். அடுத்த வாரம் குச்சி இல்லாமல், நோட்டில் கண்ணை வைத்துக்கொண்டு, எனக்குக் கேட்கும் அளவுக்குச் சொல்லிக்கொண்டே போட்டான்: "ரெண்டுல ஏழு போகாது... ஒரு கட்டை அவுக்கணும்... இப்ப பன்னெண்டு..."