ரியல் எஸ்டேட் முதுநிலைப் படிப்பு: எல்லையோரத் தரகருக்குப் பயன் தருமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். பி.காம். முடித்து, தாய்மாமாவின் நிலத் தரகுத் தொழிலில் இருக்கிறேன்; மாதம் 25,000 ரூபாய் கிடைக்கிறது. பொள்ளாச்சிப் பக்கமும் மனை வாங்கி விற்றுக் கொடுக்கிறோம். வெளிமாநிலத்தில் இரண்டாண்டு ரியல் எஸ்டேட் எம்.பி.ஏ.வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. விடுதியும் சேர்த்து 12 லட்சம் ஆகும். கடன் வாங்கிச் சேரலாமா?

பதில்: படித்து முடித்தபின் எந்த வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஊருக்கே திரும்பி மாமாவின் தொழிலைத் தொடர்வதுதான் எண்ணம் என்றால், சேர வேண்டாம் என்பதே என் கருத்து.

இத்தகைய படிப்புகளில் வாடகை வருமானத்தைக் கொண்டு வணிகக் கட்டடங்களை மதிப்பிடுவது, குத்தகை ஒப்பந்தம், திட்ட நிதி, நகரமைப்பு விதிகள் போன்றவற்றைக் கற்பிக்கிறார்கள். இவை தேவைப்படும் இடங்கள் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை போன்ற நகரங்களில் உள்ள சொத்து ஆலோசனை நிறுவனங்கள், பெரிய கட்டுமான நிறுவனங்களின் நிலக் கொள்முதல் பிரிவுகள், முதலீட்டு நிதியங்கள் ஆகியவைதாம். 2019-இல் எம்பசி நிறுவனத்தின் ரெய்ட் (பலரின் முதலீட்டைத் திரட்டி வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் அறக்கட்டளை) பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதிலிருந்து, அலுவலகக் கட்டடங்களின் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு புதிய வாசலும் திறந்திருக்கிறது. பி.காம். பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நுழைவது கடினம் என்பதால், அந்த வேலைதான் வேண்டும் என்பவருக்குப் படிப்பு பயன்படும்.

உங்கள் இன்றைய தொழிலுக்கு வேண்டிய அறிவு வேறு. கொழிஞ்சாம்பாறையில் 40 சென்ட் இடம் ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆதாரமும் (கேரளத்தில் சொத்துப் பத்திரத்துக்கு அந்தப் பெயர்) வரி ரசீதும் சரியாகவே இருக்கும். ஆனால் 2008-ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிக்கப்பட்ட டேட்டா பேங்க்கில், அதாவது பாதுகாக்கப்பட்ட நெல்வயல், நீர்நிலங்களின் பட்டியலில், அந்த சர்வே எண் இருந்தால், வீடு கட்ட வாங்குபவர் அகப்பட்டுக்கொள்வார். கிருஷி பவனிலும் (வேளாண் அலுவலகம்) வில்லேஜ் ஆபீஸிலும் அதைச் சரிபார்ப்பதும், தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தால் படிவம் 5 கொடுத்து நீக்கக் கேட்பதும், டேட்டா பேங்க்கில் இல்லாமல் வருவாய்ப் பதிவேட்டில் மட்டும் வயலாக இருந்தால் படிவம் 6-இல் தரம் மாற்றக் கேட்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), வில்லங்கச் சான்று என்று காகிதங்களே மாறிவிடும். அங்கே 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்ட அங்கீகாரமற்ற மனை வரன்முறை செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இரு மாநில ஆவணங்களையும் படிக்கத் தெரிந்தவர் எல்லையோரத்தில் அரிது. அந்தத் திறமையை எந்த எம்.பி.ஏ.வும் தராது, ஒரு நல்ல ஆதாரம் எழுத்தரிடமும் பொள்ளாச்சியில் ஒரு சிவில் வழக்கறிஞரிடமும் ஓராண்டு பழகினால் கிடைக்கும். அத்துடன், 2016-ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி முகவர் பதிவு மாநிலவாரியானது. பதிவு பெற்ற திட்டங்களின் மனைகளை இருபுறமும் விற்க வேண்டுமானால் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தனித்தனியே பதிந்துகொள்ளுங்கள். இதற்கு முதுநிலைப் பட்டம் தேவையில்லை.

வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்து தரலாம் என்ற ஆசையிலும் சிலர் இந்தப் படிப்பில் சேர்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் விதிகள், நிலம்-கட்டடப் பிரிவுக்குச் சிவில் பொறியியல், கட்டடக்கலை, நகரமைப்பு ஆகிய படிப்புகளையும் மதிப்பீட்டுத் துறை முதுநிலைப் படிப்பையுமே குறிப்பிடுகின்றன. மேலாண்மைப் பட்டத்தை நம்பி அந்த வழியில் இறங்காதீர்கள்.

இனி கணக்கு. 12 லட்சம் கட்டணத்துடன், இரண்டாண்டில் நீங்கள் இழக்கும் 6 லட்சம் வருமானத்தையும் சேர்த்தால் செலவு 18 லட்சம். 12 லட்சக் கடனுக்கு 10.5 சதவீத வட்டியில் பத்தாண்டுத் தவணை மாதம் சுமார் 16,000 ரூபாய்; படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. நகர வாடகையும் போனபின் இன்றைய 25,000 மிஞ்ச வேண்டுமானால், கைக்கு வரும் சம்பளம் 50,000-க்கு மேல் இருந்தாக வேண்டும்.

ஆகவே கல்லூரியிடம் சராசரிச் சம்பளத்தைக் கேட்பதைவிட, சென்ற ஆண்டு மாணவர்கள் எந்தப் பதவியில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பாதிப் பேர் அடுக்குமாடி வீடு விற்கும் விற்பனை அதிகாரிகளாகப் போயிருந்தால், அந்த வேலை உங்களுக்கு இப்போதே கிடைக்கும். பொறியியல் படிக்காத மாணவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்பதையும் தனியாக விசாரியுங்கள். முன்னாள் மாணவர்கள் இருவரிடமாவது கல்லூரி வழியாக அல்லாமல் நேரடியாகப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். உங்கள் வீட்டில் அது பெரும்பாலும் குடும்ப நிலமாகத்தான் இருக்கும் என்பதால், அதில் பங்குள்ள அனைவரும் மனமொப்பிச் சம்மதித்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.