‘இருக்கிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள், டீச்சர்

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். பள்ளியைக் கூட்டிப் பெருக்க ஒரு அம்மா இருக்கிறாள். போன வாரம் அவள் வராந்தாவைக் கூட்டி முடித்ததும், என் வகுப்புப் பையன் ஒருவன் வேர்க்கடலைத் தோலை வேண்டுமென்றே அங்கே கொட்டியிருக்கிறான். ஏன் என்று கேட்டதற்கு, “அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?” என்றானாம். டிசம்பர் 10 மனித உரிமை நாள் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன் இவன்தான்! தலைமையாசிரியர் வந்து கண்டித்தார். அவனையே கூட்டவும் வைத்தார். நானும் ஒரு பீரியட் முழுக்க மனித மாண்பு பற்றிப் பேசி, உறுதிமொழி எடுக்க வைத்தேன். மறுநாளே இன்னொருவன் அவளை “ஏய், கூட்டுற அம்மா” என்கிறான். இதை எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர். உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. தலைமையாசிரியர் ‘கண்டித்தார்’, ‘வைத்தார்’. கூட்டுகிற அம்மா ‘இருக்கிறாள்’. அவருக்காக மனம் நொந்து எழுதிய கடிதத்திலேயே விகுதி தானாக இறங்கிவிட்டது. கடிதத்தில் அவர் பெயரும் இல்லை.

உங்களைக் குத்திக்காட்ட எனக்கு யோக்கியதை இல்லை. “குப்பைக்காரன் வந்துட்டுப் போயிட்டானா?” என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். வெகுகாலம் நானும் அப்படித்தான் கேட்டேன். தபால்காரர் மட்டும் எப்படியோ ‘வந்தாரா’ ஆகிவிட்டார். இதை யாரும் எனக்கு உட்கார்த்தி வைத்துப் பாடம் நடத்தவில்லை. யாருக்கு ‘ஆர்’, யாருக்கு ‘ஆன்’ என்பதைத் தமிழ்ப் பிள்ளை பள்ளிக்கூடம் வருமுன்பே காதால் படித்துவிடுகிறது. நீங்கள் ஒரு பீரியடில் சொல்வது அதன் மேல்தான் போய் விழுகிறது.

‘மாண்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகள் அதை எங்கே பார்த்திருப்பார்கள்? சுவரொட்டியில், ‘மாண்புமிகு அமைச்சர்’ என்று. மாண்பு என்றால் கார், மாலை, மேடை. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட நம் அரசமைப்பின் முகப்புரையோ, தனிமனிதர் ஒவ்வொருவரின் மாண்புக்கும் உறுதி சொல்கிறது. இந்த இரண்டு மாண்பும் ஒன்றுதானா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து, ஒரு நாள் வேலை கொடுங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை யாரை ‘நீ’ என்றோம், யாரை ‘நீங்க’ என்றோம் என்று நோட்டில் இரண்டு பத்தியாக எழுதி வரட்டும். மறுநாள் கட்டாயம் ஒரு பிள்ளை எழுந்து, “பாட்டியைக்கூட நான் நீன்னுதான் சொல்றேன். பாட்டி மேல மரியாதை இல்லையா மிஸ்?” என்று மடக்கும். மடக்கட்டும், பாடமே அங்கேதான் தொடங்குகிறது. பாட்டி கூட்டிய இடத்தில் கடலைத்தோலைக் கொட்டினால் என்ன நடக்கும்? முதுகில் ஒன்று விழும். பள்ளியில் அந்த அம்மா அப்படி ஒன்று வைக்க முடியுமா? ஏன் முடியாது? பாட்டியிடம் சொல்லும் ‘நீ’ இரண்டு பக்கமும் ஓடுகிறது. இங்கே ஒரு பக்கம் மட்டுந்தான் ஓடுகிறது. ஏழாம் வகுப்புக்கு இது புரியும். பெரியவர்களுக்குத்தான் புரிய நாளாகும்.

கதையாகச் சொல்ல வேண்டுமென்றால் அம்பேத்கரின் பள்ளி நாட்களைச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தில் சாதாராவில் படித்தபோது, உட்காருவதற்குச் சாக்கை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். தாகமெடுத்தால் குழாயை அவர் தொடக்கூடாது. பள்ளிப் பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. அந்தப் பள்ளியில் எல்லோரும் கொடியவர்களாகவா இருந்திருப்பார்கள்? மணி அடித்தால் வந்து கணக்கு நடத்திவிட்டுப் போகிற வாத்தியார்கள்தான். ஒரு பையன் நாக்கு வறண்டு குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவர்களுக்கு வழக்கமான காட்சி, அவ்வளவுதான்.

உங்கள் பள்ளியில் அப்படி வழக்கமாகிப்போன காட்சி எது என்று கொஞ்சம் தேடுங்கள். அந்த அம்மா எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? ஆசிரியர் அறையில் டீ வந்தால் அவருக்கு எந்த டம்ளர்? உதவித்தொகைப் படிவம் வந்தால் “எஸ்சி பசங்க எழுந்து நில்லுங்க” என்று வகுப்பில் சத்தமாகச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்று அது சொன்னதைத்தான் எல்லோரும் பேசினோம். மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றும் அது சொன்னது. அது பிள்ளைகளுக்கான விதி அல்ல, நமக்கானது.

பாடநூலின் முன்பக்கம் ஒன்று இருக்கிறதே, ‘தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்’ என்று? பரீட்சையில் கேட்காத பக்கம் என்பதால் யாரும் நிற்காமல் புரட்டிவிடுவார்கள். மூன்றாவது வரியில் மனிதத்தன்மை போய்விட்டது யாருக்கு, செய்பவருக்கா பட்டவருக்கா என்று ஒரு தடவை கேளுங்கள்.

இனி அந்தப் பையன். அவனைக் கூட்ட வைத்தது தப்பு என்றுதான் நினைக்கிறேன். கூட்டுவது தண்டனை என்றால், தினமும் கூட்டுகிறவர் யார்? அவன் சொன்னதையே தலைமையாசிரியரும் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். வகுப்பறையைக் கூட்டுவதை எண் வரிசைப்படி எல்லோருக்கும் முறை வையுங்கள். முதல் நாள் உங்கள் முறை. பெண் பிள்ளைகள் மட்டும், அல்லது குறிப்பிட்ட தெருப் பிள்ளைகள் மட்டும் என்று அது நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறைப் பக்கம் எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவனை மன்னிப்புக் கேட்க வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அவமானப்பட்ட பையன் அந்த அம்மாவிடம்தான் கணக்குத் தீர்ப்பான். அவருக்குச் சால்வை போடும் யோசனையும் வேண்டாம். ஒரு நாற்காலி போடுங்கள், தினமும் உட்காரட்டும். முக்கியமாக, எதைச் செய்வதற்கு முன்னும் அவரைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லோரும் பேசுகிறார்கள், அவர் மட்டும் பேசவில்லை. அவன் வந்து தனியாக இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்பாரோ, ஒன்றுமே வேண்டாம் என்பாரோ, அவருக்குத்தான் தெரியும். கேட்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கூடவே ஓர் ‘அக்கா’ சேர்த்து. நீங்கள் கூப்பிடுவது பிள்ளைகள் காதில் விழுகிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

பையனின் அப்பா பள்ளிக்கு வருவார், அநேகமாகக் கோபத்தோடு. “கூட்டுறவளுக்காக என் பையனையா?” என்று அவர் கேட்டால், பையன் எங்கே படித்தான் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்போதும் அவரை உட்காரவைத்தே பேசுங்கள். அந்த அம்மாவைக் கூப்பிட்டு எதிரே நிற்கவைத்து விசாரிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.