உதிர்ந்த இலை, மாப் பசை, மஞ்சள் விரல்: சின்னப் பிள்ளைகளோடு கைவேலை
வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி மழை தொடங்கினால் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டுவிடுவார்கள். அதனால்தானோ என்னவோ, இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரையான பிள்ளைகளோடு என்ன செய்வது என்றே கேட்கின்றன.

கேள்வி: கனடாவில் இருக்கும் தங்கை, தன் மகன் சிவப்பு மேப்பிள் இலைகளை ஒட்டிச் செய்த படங்களை அனுப்புகிறாள். என் மகளுக்கும் (இரண்டரை வயது) அப்படிச் செய்து காட்ட ஆசை. இங்கே இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லையே, எந்த இலையை எடுப்பது?
– கல்லடி

பதில்: கடற்கரைப் பக்கம் போனால் வாதுமை மரம் நிற்கும், கொட்டை மரம் என்றும் சொல்வார்கள். அதன் பழுத்த இலையின் சிவப்பு மேப்பிளுக்குக் குறைந்ததல்ல. குளிர்நாடுகளில் செப்டெம்பர் தொடங்கி நவம்பர் வரை பகல் குறுகி, குளிர் ஏறும். அப்போது மரம் இலையின் பச்சையத்தை உடைத்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. மேப்பிள் போன்ற மரங்களில் சிவப்பு புதிதாக ஊறுகிறது. வாதுமை இலையிலும் இதுதான் நடக்கிறது. இங்கே அதைத் தூண்டுவது குளிரல்ல, வறட்சி. ஆகவே கச்சான் காற்று அடிக்கும் நாட்களிலேயே இலை சேர்த்து உலர்த்தி வைத்தால் மழைக்காலத்துக்குக் கைவசம் இருக்கும். மஞ்சளுக்குப் பூவரசும் பலாவும் போதும்.

விழுந்த அன்றே பொறுக்கிய, வளைத்தால் முறியாத இலைதான் வேண்டும். மொறுமொறுவென்று காய்ந்தது பிள்ளையின் கைபட்டதும் தூளாகும். மரத்திலிருந்து பிடுங்கிய பச்சை இலை, ஒட்டிய பிறகு காய்ந்து சுருங்கிக் கடதாசியையும் இழுத்துக்கொண்டு சுருளும். பொறுக்கும்போது மயிர்க்கொட்டி, சிவப்பெறும்பு இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, கழுவித் துடையுங்கள். பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே பரப்பி, மேலே அம்மிக் குழவியோ தடித்த புத்தகங்களோ வைத்து ஒரு வாரம் விடவேண்டும். முதல் மூன்று நாளும் தாளை மாற்றுங்கள். ஈரத்தை வாங்கிய தாளிலேயே விட்டால் இலையில் கறுப்புப் புள்ளி விழும். மழை நாளில் பத்து நாள்கூட எடுக்கும். அவசரமென்றால், இரண்டு தாளுக்கு நடுவே வைத்து நீராவி இல்லாத நடுத்தரச் சூட்டில் அயன் பண்ணலாம்: பக்கத்துக்குப் 15 விநாடி, இழுக்காமல் அழுத்தி, இரண்டு மூன்று தடவை. அது பெரியவர் வேலை. பிள்ளை வேறு அறையில் இருக்கட்டும்.

வாதுமை இலை 15 முதல் 25 சென்ரிமீற்றர் வரை நீளும். நடு நரம்பு தடிப்பானது, அது தட்டையாகாவிட்டால் எந்தப் பசையும் பிடிக்காது. உலர்த்த முன் இலையைக் கவிழ்த்துப் போட்டு, போத்தலை மேலே உருட்டி நரம்பை நசுக்குங்கள்.

என்ன செய்வது? மட்டக்களப்பில் இருந்துகொண்டு வேறு எதைச் செய்ய, மீன்தான்! ஒரு வாதுமை இலை உடல். வாலுக்குப் பூவரசு இலை: அதன் கூர் நுனி உடலைத் தொட்டபடியும், காம்புப் பக்கத்துப் பிளவு வெளியே பார்த்தபடியும் வைத்தால் அசல் மீன் வால். கண்ணுக்கு வெள்ளைக் கடதாசி வட்டம். பொத்தானோ மணியோ வேண்டாம்.

கேள்வி: கடைப் பசை கட்டுப்படியாகவில்லை. கோதுமை மாவில் காய்ச்சினால் கட்டி கட்டியாக வருகிறது. இரண்டாம் நாள் புளித்து மணக்கிறது. ஒட்டியதும் விழுந்துவிடுகிறது.
– ஏறாவூர்

பதில்: மூன்றுக்கும் மூன்று காரணம். மாவை நேரே சுடுநீரில் கொட்டினால் ஒவ்வொரு உருண்டையின் வெளிப்புறமும் உடனே வெந்து தோல் கட்டும். உள்ளே உலர்ந்த மா அப்படியே அகப்பட்டுக்கொள்ளும். கட்டி வருவது இதனால். மூன்று மேசைக்கரண்டி மாவைக் கால் கோப்பை பச்சைத் தண்ணீரில் முதலில் கரையுங்கள். முக்கால் கோப்பை கொதிநீரை அதில் மெல்ல ஊற்றிக் கிளறி, சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம், வெள்ளை மங்கிப் பளபளப்பு வரும்வரை காய்ச்சுங்கள். ஆறும்போது இன்னும் தடிக்கும் என்பதால் கூழ்ப் பதத்திலேயே இறக்கிவிடலாம்.

இடியப்பத்துக்கு அவித்து வைத்த மாவை எடுத்தீர்களா என்று பாருங்கள். பிசுபிசுப்பைப் போக்கத்தானே மாவை அவிக்கிறோம்? அதில் பசை காய்ச்சினால் எப்படி ஒட்டும்! அவிக்காத மா வேண்டும்.

புளிப்பதற்கு மருந்தில்லை. குளிர்சாதனப்பெட்டியில் மூன்று நாள், வெளியே ஒரு நாள், அதற்குமேல் வீசிவிடுங்கள். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் போல் துருசு கலக்கச் சொல்லி யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள். அது நஞ்சு, பிள்ளையின் விரல் நேரே வாய்க்குத்தான் போகும்.

விழுவதற்கு இன்னொரு காரணம் அளவு. பிள்ளை ஒரு கை நிறைய அள்ளி அப்பும். கடதாசி ஊறிச் சுருங்க, இலை வழுக்கிக்கொண்டு போகும். சட்டியை முன்னால் வைக்காமல் ஒரு சோடா மூடியில் பசை கொடுங்கள். அது தீர்ந்தால் இன்னொரு மூடி. கடதாசிக்குப் பதில் பால்மாப் பெட்டியின் மட்டையை வெட்டி, அச்சில்லாத உட்பக்கத்தில் ஒட்டலாம். ஒட்டியபின் மேலே ஒரு தாள் போட்டு ஓர் இரவு பாரம் வையுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால், குழைந்த சோற்றுப் பருக்கையை விரலால் நசுக்கித் தேய்த்தாலே மெல்லிய கடதாசி ஒட்டும். பட்டம் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த வித்தைதான்.

கேள்வி: மகனுக்கு ஒரு வயதும் எட்டு மாதமும். எதைக் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் எழும்பி ஓடிவிடுகிறான்.
– அக்கரைப்பற்று, ஒரு தந்தை

பதில்: அந்த வயதுக்கு ஐந்து நிமிடம் தாராளம். கத்தரிக்கோல், படம், ஒட்டுவது எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுக் கிழிக்கக் கொடுங்கள். பத்திரிகைத் தாளில் நார் ஒரு பக்கமாக ஓடுவதால் ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் கோணும். பெரும்பாலும் மேலிருந்து கீழே நேராக வரும். முதலில் நீங்கள் கிழித்துப் பாருங்கள். நேராகப் போகும் பக்கத்தில், விளிம்பில் விரற்கடை இடைவெளி விட்டு ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வெட்டி வைத்தால், அவன் இரண்டு கையாலும் பிடித்து இழுக்க முழு நீளத்துக்கும் கிழியும். அந்தச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்பச் செய்வான். கிழித்ததை அவனே ஒரு பெட்டியில் போடட்டும். பசை அடுத்த கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பேரன் எதையும் வாயில் வைப்பான். கடையில் வாங்கும் நிறங்களைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. குசினியில் இருப்பதை வைத்து நிறம் செய்யலாமா?
– காத்தான்குடி, ஓர் உம்மம்மா

பதில்: இலையுதிர் காலத்தின் நிறங்கள் அத்தனையும் உங்கள் குசினியில் இருக்கின்றன உம்மா. மஞ்சள் தூள் தண்ணீரில் கரையாது, அடியில் தங்கிவிடும். அதனால் மேலே சொன்ன மாப் பசையில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, அரைத் தேக்கரண்டி மஞ்சளைக் குழையுங்கள். அது மஞ்சள். அதே கலவை இன்னொரு கிண்ணத்தில், அதனோடு ஒரு சிட்டிகை அப்பச்சோடா: கண் முன்னே செம்மண் நிறத்துக்குத் திரும்பும். இரண்டையும் கலந்தால் செம்மஞ்சள். கபிலத்துக்கு, இரண்டு தேக்கரண்டி தேயிலைத் தூளைக் கால் கோப்பை கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடித்து, ஆறியபின் பசையில் சேர்க்கவேண்டும்.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது வெற்றிலை போடும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுண்ணாம்பு பிள்ளையின் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதனால்தான் அப்பச்சோடா. சுண்ணாம்புக் கிளாசைப் பேரனுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அப்படி ஏதும் கண்ணில் பட்டால், ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது விடாமல் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போக ஆயத்தமாகுங்கள்.

அச்சுக்கு வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ, வாழை மட்டையை வெட்டினால் தேன்கூடு. வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி ஈரம் எடுக்காவிட்டால் நிறம் நீர்த்து அச்சு கலங்கும். பிள்ளை முத்திரை குத்துவதுபோல் ஓங்கி அடித்து இழுப்பான். அடியில் ஒரு மடித்த துவாய் வைத்தால் அச்சு நன்றாகப் பதியும். காய்ந்த படத்தில் எலுமிச்சம்புளியைத் தொட்டு வைத்தால் செம்மண் நிறம் மறுபடி மஞ்சளாகும், பேரன் அதைத்தான் இன்னொரு தடவை கேட்பான்.

சட்டையில் பட்டதைச் சவர்க்காரம் போட்டுத் தோய்க்கும்போது சிவந்தால் பதறவேண்டாம், அதுவும் அப்பச்சோடா செய்த அதே வேலைதான். வெயிலில் காயப்போட்டால் கறை மெல்ல மெல்ல மங்கும். படத்தை யன்னலோரம் மாட்டினால் அதுவும் மங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

கேள்வி: குன்றிமணி, மஞ்சாடி விதைகளை ஒட்டி அலங்காரம் செய்யலாமா? வளவில் நிறைய விழுகிறது.
– கல்முனை

பதில்: குன்றிமணி வேண்டவே வேண்டாம். தோல் உடைந்தோ கடிபட்டோ உள்ளே போனால் கொல்லும் நஞ்சு. மஞ்சள் அலரி விதையும் அப்படியே. அலரியின் இலை, பூ எதையும் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். ஊமத்தையும் கூடாது. எருக்கலைப் பால் கண்ணுக்கு ஆகாது. மரமுந்திரிகைக் கொட்டையின் கோது தோலைச் சுடும்.

மஞ்சாடியில் சிக்கல் அதன் பருமன். மூன்று வயதுக்குக் கீழே எந்த விதையும், பருப்பும், மணியும் மூக்குக்குள்ளோ தொண்டைக்குள்ளோதான் போகும். கழிவறைக் கடதாசிச் சுருளின் நடுக்குழாய்க்குள் நுழைகிற எதையும் கொடுக்கவேண்டாம் என்பது நல்ல அளவுகோல். நஞ்சு விதை ஏதும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், மிச்ச விதையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அம்புலன்சுக்கு 1990.

கேள்வி: உப்பும் மாவும் பிசைந்து இலை வடிவம் வெட்டி உலர்த்தினேன். ஒரு கிழமையாகியும் வியர்த்துக்கொண்டே இருக்கிறது. வயல் களிமண் பரவாயில்லையா?
– திருக்கோவில்

பதில்: உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கார்த்திகை மழையில் அது வியர்க்காமல் என்ன செய்யும்? அந்த வேலையைப் பங்குனி வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பாகத் தட்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று வெடிக்கும். அதோடு அரைக் கோப்பை உப்புப் போட்ட மாவைச் சின்னப் பிள்ளை தின்றால் உயிருக்கே ஆபத்து, நாய்க்கும்தான். இரண்டு வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கவேண்டாம்.

மாரியில் வயல் சேறும் ஆகாது, எலிக்காய்ச்சல் பரவுவது அந்த ஈரத்தில்தான்.

பதிலுக்கு இடியப்பத்துக்குக் குழைப்பதுபோல் ஒரு கோப்பை சிவப்பரிசி மாவில் கொதிநீர் விட்டுக் குழைத்து, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் சேர்த்து, நன்றாக ஆறவிட்டுக் கொடுங்கள். தட்டையாகத் தட்டி, கொய்யா இலையின் நரம்புப் பக்கத்தைப் பதித்து உரித்தால் ஒவ்வொரு நரம்பும் எழும்பித் தெரியும். ஓரம் வெடிக்கத்தான் செய்யும், கோதுமைபோல் இழுபடாது. ஈரத் துணியால் மூடி வைத்தால் வெடிப்பு குறையும். அன்றே விளையாடி அன்றே வீசிவிடுவது.

கேள்வி: தென்னோலையில் காற்றாடி, பாம்பு செய்யப் பழக்கலாமா? மூன்று வயது.
– வாழைச்சேனை

பதில்: நீங்கள் செய்யுங்கள், பிள்ளை பார்க்கட்டும். ஈர்க்கை முழுதாக உரித்தெடுத்த பிறகே ஓலையைக் கையில் கொடுக்கலாம், ஈர்க்கு நுனி கண்ணைக் குத்தும். பின்னிப் பார்க்க ஆசைப்பட்டால், பன்பாய் இழைப்பதுபோல், மூன்று சென்ரிமீற்றர் அகல மட்டைக் கீற்றுகள் நாலைந்து போதும். ஒன்று மேலே ஒன்று கீழே என்பது மூன்று வயதில் பிடிபடாது. எல்லாவற்றையும் மேலாலேயே போடுவான். திருத்தாதீர்கள்.

கேள்வி: கைத்தறி வெட்டுத் துண்டுகள் நிறைய இருக்கின்றன. இலைக்குப் பதிலாக ஒட்டலாமா?
– மருதமுனை

பதில்: உங்களூரில் இல்லாத துணியா! மழைக்கு இலையைவிட அதுதான் நல்லது, சுருளாது, உடையாது. சிவப்பு, மஞ்சள், கபிலத் துண்டுகளை உள்ளங்கை அகலத்துக்கு நீங்களே வெட்டி வையுங்கள். மட்டையில் கரித்துண்டால் ஒரு மரத்தின் அடியும் கிளையும் கீறி, பசையைத் துணியில் பூசாமல் மட்டையில் பூசுங்கள். துணியில் பூசினால் ஊறிப் பிள்ளையின் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். சாயம் போகிறதா என்று ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். ஓரத்து நூல் பிரிந்தால் நீளமாக விடாமல் கத்தரியுங்கள், விரலில் இறுகச் சுற்றிக்கொள்ளும்.

கேள்வி: செய்ததையெல்லாம் சுவரில் மாட்டினேன். கரப்பான் தின்றுவிட்டது.
– செங்கலடி

பதில்: மாப் பசைக்குக் கரப்பான் வரத்தான் செய்யும். இரண்டு நாள் மாட்டுங்கள், ஃபோனில் ஒரு படம் எடுங்கள், பிறகு பிள்ளை தூங்கும்போது குப்பைக்கிடங்கில் போட்டுவிடுங்கள்.