விட்டு விலகாதபடிக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். பெங்களூரு வந்து ஆறு வருஷம் ஆகிறது, ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை. ஊரில் பாடகர் குழுவில் இருந்தேன், ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இங்கே வந்த புதிதில் ஞாயிறு தவறாமல் கண்டோன்மென்ட் பக்கம் தமிழ் ஆராதனைக்குப் போனேன். பிறகு மாதம் இரண்டு தடவை, அப்புறம் பண்டிகைக்கு மட்டும். இப்போது யூடியூபில் ஆராதனை ஓடுகிறது, நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன். விசுவாசத்தை விடவில்லை, ஆண்டவர்மேல் கோபமும் இல்லை. ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது? (ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்டு)

பதில்: தம்பி, விசுவாசத்தை விடவில்லை என்று நீங்கள் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். விசுவாசத்தை ஒரே நாளில் தூக்கிப்போடுகிறவர்கள் குறைவு. அதைத் தாங்கி நின்றவைகளை ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். “நாம் கேட்டவைகளை விட்டுவிலகாதபடிக்கு, அவைகளை மிகுந்த ஜாக்கிரதையாய்க் கவனிக்கவேண்டும்” என்று எபிரெயர் 2:1 சொல்வது சபைக்குள் இருந்தவர்களிடம்தான்.

அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பவுல் ஏறிய கப்பல் புயலில் புறப்படவில்லை. தென்றல் மெதுவாக அடித்தது, நினைத்தது கைகூடியது என்று எண்ணித்தான் நங்கூரத்தைத் தூக்கினார்கள். நல்ல சம்பளம், நல்ல அறை, கேள்வி கேட்க ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை என்று உங்களுக்கும் தென்றல்தான் அடித்தது. பதினாலாம் இராத்திரியில், கரை நெருங்குகிறது என்று தோன்றியதும் கப்பலாட்கள் முதலில் விழுதுவிட்டு ஆழம் பார்த்தார்கள்: இருபது பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி), சற்றுத் தள்ளிப் பதினைந்து பாகம். அதற்குப் பிறகுதான் நாலு நங்கூரம் போட்டார்கள்.

நீங்களும் முதலில் ஆழம் பாருங்கள். ஒரு தாளில் ஏழு காரியங்களை எழுதுங்கள்: தனியாக வேதம் வாசித்தது, தனி ஜெபம், ஆராதனைக்குப் போனது, திருவிருந்து எடுத்தது, காணிக்கை கொடுத்தது, சபையில் ஒரு வேலை செய்தது, இன்னொரு விசுவாசியிடம் மனம்விட்டுப் பேசியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது கடைசியாக எப்போது நடந்தது என்று மாதமும் வருஷமும் போடுங்கள். அரைமணி நேர வேலைதான். எது முதலில் நின்றது, எது அதைத் தொடர்ந்து நின்றது என்ற வரிசை கண்ணுக்குத் தெரியும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் முதலில் நின்றது ஊழியமாக இருக்கும். ஊரில் உங்களை எதிர்பார்த்து ஒரு வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், இங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

பெரிய கோளாறு அங்கேதான் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த பலருக்கும் பெயர் இன்னும் ஊர்ச் சபைப் பதிவேட்டில்தான் இருக்கும். அசனத்துக்கு (சபை விருந்துக்கு) பணம் அனுப்புவார்கள், கிறிஸ்துமஸுக்குப் போவார்கள். பெங்களூரில் எந்தச் சபையின் பதிவேட்டிலும் இருக்கமாட்டார்கள். மூன்று ஞாயிறு வராவிட்டால் “தம்பியைக் காணோமே” என்று கேட்க இங்கே யாருக்கும் காரணமே இல்லை. அதனால் ஊர் ஆயரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்து, இங்கே ஒரு சபையில் முறைப்படி உறுப்பினராகச் சேர்ந்து சந்தா கட்டுங்கள். பாட்டும் பிரசங்கமும் எங்கே சிறப்பு என்று தேடுவதைவிட, ஞாயிறு காலையில் 45 நிமிடத்துக்குள் எட்டக்கூடிய சபை எது என்று பாருங்கள். பர்ப்பிள் லைன் மெட்ரோ இருக்கும்போது கண்டோன்மென்ட் பக்கமும் முன்போல் தூரமில்லை. எட்டு ஞாயிறு தொடர்ந்து ஒரே ஆராதனைக்குப் போங்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போய், ஆசீர்வாதம் கூறி முடித்தபின் கால்மணி நேரம் நின்று பேசிவிட்டு வாருங்கள். ஆசீர்வாதம் முடிந்ததும் வண்டியை எடுக்கிறவருக்கு ஒரு வருஷம் ஆனாலும் அங்கே யாரையும் தெரியாது. ஞாயிறு பெரும்பாலும் சனி இரவில்தான் தோற்கிறது, ஆகவே சனிக்கிழமை பதினொரு மணிக்குள் படுத்துவிடுங்கள்.

வேத வாசிப்பில் ஒரு எச்சரிக்கை. மனம் கசிந்த வேகத்தில் “ஒரு வருஷத்தில் முழு வேதாகமம்” என்று இறங்காதீர்கள். மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஜனவரி 1இல் தொடங்கி நாளுக்கு மூன்று வீதம் வாசித்தாலும் ஆதியாகமமும் யாத்திராகமமும் முடிந்து 31ஆம் தேதி லேவியராகமத்தில் நிற்பீர்கள். அந்த வாரம் அலுவலகத்தில் ரிலீஸ் வந்து நாலு நாள் தவறினால் பன்னிரண்டு அதிகாரம் பாக்கி. பாக்கியைப் பார்த்து மலைத்துத்தான் பலரும் புத்தகத்தை மூடுகிறார்கள். முதலில் மாற்கு சுவிசேஷம் மட்டும் போதும், பதினாறு அதிகாரம், பதினாறு நாள். அது நிலைத்ததும் புதிய ஏற்பாடு: 260 அதிகாரங்கள், வாரம் ஐந்து நாள் ஒவ்வொன்று, 52 வாரத்தில் முடியும். சனி, ஞாயிறு விட்டுப்போனதைப் பிடிக்க. அதற்கு மேலும் விட்டுப்போனால் பாக்கியை மறந்துவிட்டு அன்றைய பகுதியை வாசியுங்கள். கைபேசியில் வேண்டாம், அச்சிட்ட வேதாகமமே நல்லது. வசனத்துக்கு நடுவே அலுவலகச் செய்தி வந்து விழுந்தால் அன்றைய வாசிப்பு அதோடு சரி.

வார்த்தை வராத ஜெபத்துக்கு, ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், பிறகு கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம். இனிமை உடனே திரும்பாது. எபேசு சபைக்கு ஆண்டவர் சொன்னதும் “ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக” என்பதுதான் (வெளி. 2:5). பழைய உணர்ச்சியை முதலில் வரவழைத்துக்கொண்டு வா என்று அவர் கேட்கவில்லை. கடைசியாக ஒன்று: யாருக்கும் தெரியாத ஒரு பாவம்தான் ஜெபத்தை அடைக்கிறது என்றால், மேலே சொன்ன எந்தத் திட்டமும் உதவாது. அதைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் அறிக்கையிடுங்கள், நம்பத்தகுந்த ஒரு மூத்த சகோதரரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் இரவு டியூட்டி. ஞாயிறு ஆராதனை பெரும்பாலும் கிடைப்பதில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்து மங்குகிறது, ஜெபத்தில் எந்த உணர்வும் இல்லை. நான் பின்வாங்கிப் போய்விட்டேனா? (ஒரு சகோதரி, பன்னேர்கட்டா ரோடு)

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியதில் பின்மாற்றத்தைவிடத் தூக்கமின்மைதான் அதிகம் தெரிகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். எலியா சூரைச்செடியின் கீழ், போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடி தூங்கினான், மறுபடி சாப்பிட்டான். “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வி ஓரேப் மலையில், அதற்கப்புறம்தான் வந்தது (1 இராஜாக்கள் 19).

இரவு டியூட்டி முடிந்து நேரே வேதம் வாசிக்க உட்காராதீர்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டபின் வாசியுங்கள். சங்கீதம் 120 முதல் 134 வரை பதினைந்தும் சிறியவை. டியூட்டிக்குக் கிளம்புமுன் ஒன்று போதும். 134இல் மூன்றே வசனங்கள், அதுவும் இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரருக்குச் சொன்னது. மாத ரோஸ்டர் வந்த அன்றே எந்த ஞாயிறு ஓய்வு என்று பார்த்து, அந்தத் தேதிகளைச் சபையில் ஒரு அக்காவிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவர் உங்களை எதிர்பார்க்கட்டும். இரவு முழுவதும் விழித்துவிட்டு ஸ்கூட்டி ஓட்டி முதல் ஆராதனைக்குப் போவது பக்தியல்ல, ஆபத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். தூங்கி எழுந்தும் சோர்வு போகாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்குச் செவிகொடுக்க வேண்டாம்.

கேள்வி: மூன்று வருஷம் ஆண்டவரை விட்டு மனம்போல வாழ்ந்தேன். திரும்பி வர ஆசை. ஆனால் மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதலுக்கேதுவாய் மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாத காரியம் என்கிற எபிரெயர் 6:4–6 வாசித்த நாளிலிருந்து பயமாக இருக்கிறது. எனக்குக் கதவு அடைந்துவிட்டதா? (பெயர் வேண்டாம், அல்சூர்)

பதில்: இல்லை. அந்த மூன்று வசனங்கள் கிறிஸ்துவை அறிந்தும் அவரைப் பகிரங்கமாகத் தள்ளிப்போட்டு அதிலேயே நிற்கிறவர்களைப் பற்றிய கடுமையான எச்சரிக்கை. அதன் கடுமையைக் குறைக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் அங்கேயே நிறுத்தாமல் 9ஆம் வசனத்துக்கு வாருங்கள். எழுதியவர் தம் வாசகரைப் “பிரியமானவர்களே” என்று அழைத்து, அவர்களைக் குறித்து நல்லதையே நம்புவதாகச் சொல்கிறார். நங்கூரம் என்ற வார்த்தையும் இதே அதிகாரத்தில், 19ஆம் வசனத்தில்தான் வருகிறது. மூன்று தரம் மறுதலித்த பேதுருவிடம் ஆண்டவர் முன்கூட்டியே சொன்னது, “உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்” (லூக்கா 22:32). திரும்ப ஆசை என்று எழுதுகிறீர்களே, தள்ளிப்போட்டவருக்கு அந்த ஆசை வராது. இந்த வாரமே ஆயரைப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பிறந்து வளர்ந்தது லிங்கராஜபுரத்தில். தமிழ் பேசுவான், வாசிக்க வராது. “பிரசங்கம் புரியல, வரமாட்டேன்” என்கிறான். கட்டாயப்படுத்தலாமா? (ஒரு தாய்)

பதில்: அம்மா, அவன் சொல்வது சாக்காக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். வேதாகமத் தமிழ் நமக்கே பழகிப் பழகி வந்ததுதானே! அவனை ஆங்கில ஆராதனைக்குப் போகவிடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை போதும்: வாராவாரம் இடம் மாற்றாமல் ஒரு சபையில் நிலைத்திருக்க வேண்டும். தமிழ்ச் சபையை விட்டால் விசுவாசத்தையே விட்டதாக எண்ணி அழுதால், அவனும் அப்படியே எண்ணிக்கொள்வான்.

குடும்ப ஜெபத்தைப் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். ஒரு கீர்த்தனை, ஒரு பகுதி. நீங்கள் தமிழில் வாசியுங்கள், அதே பகுதியை அவன் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். பல வீடுகளில் பிள்ளைகள் எழுந்து போவதற்குக் காரணம் நீளம் மட்டுமல்ல. “ஆண்டவரே, இவன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனைக் கீழே வைக்கமாட்டேங்கிறான், நீர் தொடும்” என்று ஜெபத்துக்குள்ளே நடக்கும் திட்டுதான் பெரிய காரணம். திட்ட வேண்டியதிருந்தால் ஜெபம் முடிந்தபின் நேரே திட்டுங்கள். சந்தேகம் கேட்டால் வாயை அடைக்காதீர்கள். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்ற தகப்பனை இயேசு துரத்தவில்லை (மாற்கு 9:24). பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லி, இருவருமாகத் தேடுங்கள். அவன் போகும் சபையில் ஒலிபெருக்கி, கிட்டார், சிறு பிள்ளைகளுக்கு டியூஷன் என்று ஏதாவது ஒரு பொறுப்பு கிடைத்தால் உற்சாகப்படுத்துங்கள்.

கேள்வி: தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வாக்குத்தத்த வசனம் வருகிறது. ஆமென் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். இது போதாதா? (ஒரு வாசகர், கே.ஆர். புரம்)

பதில்: போதாது. அடிக்கடி சுற்றிவருகிற எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வசனம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறது. 5ஆம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும், 7ஆம் வசனத்தில் நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்றும் வருகிறது. பிழைப்புக்காக வேறு ஊரில் வாழ்கிற நமக்கு அந்த மூன்று வசனமும் எவ்வளவு வேண்டியவை! வாட்ஸ்அப்பில் வரும் வசனப் படத்தில் அவை வருவதில்லை. நாளைக் காலையில் எந்த வசனம் வந்தாலும் ஆமென் போடுமுன் வேதாகமத்தைத் திறந்து, அதற்கு முன்னே பத்து வசனம், பின்னே பத்து வசனம் வாசியுங்கள். மெட்ரோவில் நாலு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.