ஊதும் கருவி 46 காட்டினால்: டி.டி. (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய) கேஸில் எதை எதிர்க்கலாம்?

கேள்வி: இரவு 7.30-க்கு ஒரு பெரிய பாட்டில் பீர் குடித்தேன். 10.30-க்கு வழக்கம்போல 30 மி.லி. தசமூலாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்து. 10.40-க்கு வண்டியை நிறுத்தி ஊதச் சொன்னார்கள், 46 காட்டியது. ரத்தம் எடுக்கவில்லை. என் எடை 70 கிலோ. வழக்கை எதிர்த்து நடத்தலாமா, பத்தாயிரத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாமா?

பதில்: ரத்தம் எடுக்கவில்லை என்பதை நம்பி கோர்ட் படியேறாதீர்கள். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருப்பது ஊதும் கருவியில் தெரிந்தாலே போதும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு. கைதாகி இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்யாவிட்டால் 202-வது பிரிவுப்படி காவலிலிருந்து விட வேண்டும்; ஆனால் வழக்கு அப்படியே இருக்கும்.

உங்கள் பலமே அரிஷ்டம்தான். அதில் நொதித்துத் தானாக உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். 30 மி.லி.யில் அதிகபட்சம் இரண்டரை கிராம்; உங்கள் எடைக்கு ரத்தத்தில் 5 மி.கி. ஏறலாம். ஆனால் வாயிலும் தொண்டையிலும் ஒட்டியிருக்கும் ஆவி கருவியை ஏமாற்றும். அது அடங்க 15 முதல் 20 நிமிடம் ஆகும். நீங்கள் பத்தாவது நிமிடத்தில் ஊதியிருக்கிறீர்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்லியிருந்தால் வாய் ஆல்கஹாலாக இருந்தால் எண் சரசரவென இறங்கியிருக்கும். இரண்டாவது முறை ஊதச் சொன்னார்களா, அரிஷ்டம் குடித்ததை அங்கேயே சொன்னீர்களா என்பதை இப்போதே நேரத்தோடு எழுதி வையுங்கள். பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்து, குடித்த பீரின் லேபிளைப் பாருங்கள். 650 மி.லி. பாட்டிலில் 5 சதவீதம் என்றால் சுமார் 26 கிராம் ஆல்கஹால். ரத்தத்தில் 54 மி.கி. அளவுக்கு ஏறும். மணிக்கு 15 மி.கி. வீதம் குறைந்தால் 10.40-க்கு 7 அல்லது 8 மிஞ்சும். அரிஷ்டத்தைக் கூட்டினாலும் 13 தாண்டாது. அப்படியானால் 46 என்பது சந்தேகத்துக்குரிய எண். அதுவே 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 10.40-க்கு 40 பக்கம் நிற்கும். கருவி காட்டியது ஏறக்குறைய சரிதான். வக்கீலிடம் இதை மறைத்தால் குறுக்கு விசாரணையில் அவர்தான் மாட்டிக்கொள்வார்.

மூச்சிலிருந்து ரத்த அளவைக் கணக்கிடக் கருவிகள் பொதுவாக 2100-க்கு 1 என்ற விகிதத்தை, அதாவது மூச்சில் இருப்பதைப் போல 2100 மடங்கு ஆல்கஹால் அதே அளவு ரத்தத்தில் இருப்பதாக, வைத்துக்கொள்கின்றன. உண்மையில் இது ஆளுக்கு ஆள் மாறும். 1800 என்று வைத்தாலும் உங்கள் 46, 39 ஆகத்தான் இறங்கும். 31, 33 என்று வந்தவர்களுக்கே இந்த வாதம் உதவும். சில கருவிகள் லிட்டர் மூச்சுக்கு எத்தனை மி.கி. என்று காட்டும், அதில் 0.14-தான் நம் 30. சீட்டில் அலகு என்னவென்று பாருங்கள்.

சீட்டில் பெயர், நேரம், சோதனை எண், கருவியின் வரிசை எண் இருக்கிறதா? அதே எண்ணுள்ள கருவிக்குக் கடைசியாக எப்போது காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்தார்கள், அது மத்திய அரசு அங்கீகரித்த வகையா என்பதற்கான ஆவணங்களை பி.என்.எஸ்.எஸ். (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 94-வது பிரிவில் கோர்ட் மூலம் கேளுங்கள். ஊதுவதற்கு முன் கருவி 0.000 காட்டும் வெற்றுச் சோதனை நடந்ததா என்பதும் முக்கியம். அது சரியில்லாத ஒரு வழக்கில் 185-வது பிரிவுக் குற்றச்சாட்டை 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம்.

ரத்தம் எடுக்கப்பட்டவர்கள் கேட்க வேண்டியவை வேறு. ஊசி போடுமுன் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்களா? குழாயில் சோடியம் ஃப்ளோரைடு இருந்ததா? இல்லையென்றால் சூட்டில் கிடக்கும் ரத்தம் நொதித்துத் தானே ஆல்கஹால் உண்டாக்கும். சீல், ஒப்படைத்த தேதி, ஆய்வகம் பெற்ற தேதி மூன்றும் பொருந்த வேண்டும். ஆய்வக அறிக்கை நிபுணர் வராமலே சாட்சியமாகிவிடும். அவரை விசாரிக்க வேண்டுமானால் பி.என்.எஸ்.எஸ். 329-ன் கீழ் மனு போட வேண்டும்.

போதைப்பொருள் என்றால் கதையே வேறு. அங்கே 30 போல ஓர் எண் கிடையாது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்ததை அரசுத் தரப்பு காட்ட வேண்டும். கஞ்சாவின் கழிவு, தொடர்ந்து புகைப்பவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் தங்கும். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை காட்டும் பாசிட்டிவ், அன்றிரவு போதையில் ஓட்டினார் என்பதற்குச் சான்றாகாது. ஆய்வக உறுதிச் சோதனை இருக்கிறதா என்று கேளுங்கள்.

5 சதவீத பீர், கால் மணிக்குள் ஒரே ஒரு ஊதல், காலிபரேஷன் சான்றும் இல்லை என்றால் வழக்கை நடத்துங்கள். ஸ்ட்ராங் பீர், இரண்டு ஊதலிலும் ஒரே எண் என்றால் ஒப்புக்கொள்வதே நல்லது. ஆனால் அது தண்டனையாகப் பதிவாகும். அடுத்த முறை சிக்கினால் இரண்டாண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.