தூரத்தை வகுத்தால் நேரம் வருமா?

கேள்வி: சென்னை–சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் மூன்றேகால் மணி நேரம்தானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் காலை 10.00 புறப்பாடு, மாலை 4.45 வருகை என்று போட்டிருக்கிறது.

பதில்: டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. 6.45-இல் 2.30 போனால் 4 மணி 15 நிமிடம். அதுவும் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் இங்கே நிறுத்தத்திலிருந்து நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை.

900 என்பது போயிங் 787 போன்ற பெரிய விமானங்களுக்குச் சரி. ஏர்பஸ் 320-க்கு 830 வைத்துக்கொள்ளுங்கள். வான்தடங்கள் நேர்கோடாக இருப்பதில்லை. அதற்காகத் தூரத்தில் 4 சதவீதம் கூட்டினால் சுமார் 3,020 கி.மீ. 830-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3 மணி 40 நிமிடம். தரையில் ஊர்வது, மேலேறுவது, இறங்குவது ஆகியவற்றுக்கு அரை மணி சேர்த்தால் 4 மணி 10 நிமிடம் வந்துவிடும். சென்னை–மதுரை போன்ற குறுந்தூரத்தில் இந்த அரை மணிதான் கணக்கையே தீர்மானிக்கிறது.

கேள்வி: அந்தத் தூரத்தை நானே கணக்கிட முடியுமா?

பதில்: தாராளமாக. சென்னை விமான நிலையம் வடக்கு 12.99, கிழக்கு 80.17 பாகை (டிகிரி), சிங்கப்பூர் சாங்கி வடக்கு 1.36, கிழக்கு 103.99. இரு அட்சரேகைகளின் சைன்களை (கால்குலேட்டரில் sin) பெருக்குங்கள். அவற்றின் கோசைன்களை (cos) பெருக்கி, அதோடு தீர்க்கரேகை வித்தியாசத்தின் (23.82) கோசைனையும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் 0.8965. எந்தக் கோணத்தின் கோசைன் இது? 26.3 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் 2,924 கி.மீ.

தப்பு நடக்கும் இடங்கள் உண்டு. 12 பாகை 59 கலையை (ஒரு பாகைக்கு 60 கலை) 12.59 என்று அடித்துவிடுவார்கள். 59-ஐ 60-ஆல் வகுத்து 12.98 என்றே போட வேண்டும். இந்த ஒரு பிழையே ஊர் இருக்கும் இடத்தை 40 கி.மீ.க்கு மேல் நகர்த்திவிடும். மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் கழித்தல் குறி அவசியம். கால்குலேட்டர் பாகையில் இல்லாமல் ரேடியன் என்ற வேறு கோண அளவில் இருந்தால் விடை அடையாளமே தெரியாது.

கணக்கு பிடிக்காதவர்கள் 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்து அளக்கலாம், 1 செ.மீ. சுமார் 425 கி.மீ. தட்டையான வரைபடத்தில் மட்டும் ஸ்கேல் வைக்க வேண்டாம். துருவத்தை நோக்கிப் போகப் போக அது தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும்.

கேள்வி: போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஏன் வேறுபடுகின்றன?

பதில்: காற்று. மித வெப்ப மண்டலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். நியூயார்க்கிலிருந்து லண்டன் போகிறவருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சம். ஏர் இந்தியா 2016-இல் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டு, கிழக்கு நோக்கிப் பசிபிக் வழியாகத் திருப்பியது இதற்காகத்தான்: தூரம் கூடியது, நேரம் குறைந்தது.