க்ரீம் இல்லாததா குறை?

கேள்வி: மகள் பால், தயிர், நெய், பன்னீர் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். அவளுக்காகக் கொண்டைக்கடலை மசாலா செய்கிறேன். குக்கரில் வெங்காயம் கண்ணாடிபோல வதங்கியதும் தக்காளி, தூள்கள், ஊறிய கடலை, தண்ணீர் எல்லாம் சேர்த்து ஆறு விசில். இறக்கும்போது முந்திரி விழுது. ஆனாலும் பச்சை வாசனை போவதில்லை, தண்ணீர் தனியே நிற்கிறது, கடலையும் சில நாள் சரியாக வேகவில்லை. க்ரீமும் நெய்யும் இல்லாமல் இந்த கிரேவி ருசிக்கவே ருசிக்காது என்கிறார்கள் வீட்டில். உண்மையா?

பதில்: உண்மை இல்லை. நம் காரக்குழம்பிலும் வற்றல் குழம்பிலும் சொட்டுப் பால் கிடையாது. அதை ஒரு குறையென்று யாரும் சொன்னதில்லை. கடலை மசாலா என்றால் மட்டும் பழி க்ரீம் மேல் விழுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் முறையில் ஒரு கிண்ணம் க்ரீமைக் கொட்டினாலும் பச்சை வாசனை கொஞ்சம் மங்கும், போகாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குக்கரில் போட்டு மூடுகிறீர்களே, கோளாறு அங்கேதான்.

கடலை வேகாததற்குக் காரணம் கூடவே கிடக்கும் தக்காளி. புளிப்பான நீரில் பயறு வகைகளின் தோல் இளகாது. தக்காளி, புளி, எலுமிச்சை எதுவானாலும் கடலை மசிய வெந்த பிறகுதான் சேர வேண்டும். 1 கப் (200 கிராம்) வெள்ளைக் கொண்டைக்கடலையை 1 லிட்டர் தண்ணீரில் 2 டீஸ்பூன் உப்புப் போட்டு 8 முதல் 10 மணி நேரம் ஊற வையுங்கள். உப்புப் போட்டால் கடலை வேகாது என்று பலர் சொல்வார்கள். ஊறும் நீரில் இருக்கும் உப்பு தோலை மென்மையாக்கவே செய்கிறது. அந்த நீரை வடித்துவிட்டு, இரண்டரை கப் புதுத் தண்ணீரும் அரை டீஸ்பூன் உப்பும் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். உங்கள் வீட்டில் உப்புப் படியும் போர் தண்ணீர் என்றால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் தோலை இறுக்கும். அப்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போடலாம். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், தோல் கழன்று மிதக்கும்.

விசில் கணக்கை நம்பாதீர்கள். அடுப்பின் வேகத்தைப் பொறுத்து ஆறு விசில் எட்டு நிமிடத்திலும் வரும், இருபது நிமிடத்திலும் வரும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கியபின் திறங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு கடலையை அழுத்தினால் தோலோடு நசுங்க வேண்டும். நசுங்கவில்லையா, இன்னும் ஐந்து நிமிடம். டப்பாவில் வருடக்கணக்காகக் கிடந்த கடலை மட்டும் என்ன செய்தாலும் சரியாக மசியாது. அதை மாற்றுவதே வழி. வேகவைத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். கிரேவிக்கு அதுதான் தண்ணீர்.

இனி வெங்காயம். இந்த மசாலாவின் ருசியில் பெரும்பங்கு இங்கேதான் உருவாகிறது; நீங்கள் பாதியிலேயே நிறுத்துவதும் இங்கேதான். கண்ணாடிபோல ஆவது வதங்கலின் ஆரம்பம். வெங்காயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது ஆவியாகித் தீரும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, அது வெந்துகொண்டுதான் இருக்கும். நீர் வற்றிய பிறகுதான் சிவக்கும். சிவந்தால்தான் இனிப்பும் ஆழமான மணமும் கிடைக்கும். குக்கரில் வேண்டாம், அகலமான வாணலியில் செய்யுங்கள். 3 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் ஒரு அங்குலப் பட்டை, 3 கிராம்பு, 2 ஏலக்காய், அரை டீஸ்பூன் சோம்பு தாளித்து, பொடியாக நறுக்கிய 2 பெரிய வெங்காயத்தைக் கால் டீஸ்பூன் உப்போடு சேர்த்து நடுத்தரத் தீயில் வதக்குங்கள். 12 முதல் 15 நிமிடம் ஆகும். ஓரம் மட்டும் கருகி நடுவில் வெள்ளையாக இருந்தால் தீ அதிகம். ஒரு கை தண்ணீர் தெளித்து, தீயைக் குறைத்துத் தொடருங்கள். எல்லாம் ஒரே சீராகப் பொன்பழுப்பாக வர வேண்டும். எண்ணெயைக் குறைக்காதீர்கள்: மசாலாக்களின் மணம் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். நெய் இல்லாத இடத்தில் அந்த வேலையைச் செய்வது இந்த மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய்.

அடுத்து 1 டேபிள்ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, இரண்டு நிமிடம். தீயை நன்றாகக் குறைத்து கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், 1 டீஸ்பூன் மிளகாய்த்தூள், 2 டீஸ்பூன் மல்லித்தூள். எண்ணெயில் 20 விநாடி புரண்டால் போதும், உடனே தக்காளியைப் போட்டுவிடுங்கள். தாமதித்தால் தூள் கருகும். அந்தக் கசப்பை எதைப் போட்டும் எடுக்க முடியாது. தக்காளி 3, பழுத்தது, அரைத்தோ பொடியாக நறுக்கியோ. மூடாமல் 8 முதல் 10 நிமிடம் கிளறுங்கள். விழுது சுருண்டு, கரண்டியால் ஒதுக்கினால் ஓரத்தில் எண்ணெய் கசிய வேண்டும். உங்களுடைய பச்சை வாசனை போவது இந்த நிமிடத்தில்தான். மூடிய குக்கருக்குள் நீர் வற்ற வழியே இல்லை, அதனால்தான் அங்கே அது போகவில்லை.

இப்போது கடலையையும் வெந்த நீரையும் சூடாகச் சேருங்கள். ஒரு கரண்டி கடலையை மசித்துக் கலந்துவிட்டால், அதன் மாவுச்சத்து நீரைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தனியே நிற்காது. மூடி வைத்துக் குறைந்த தீயில் 10 நிமிடம்.

க்ரீம் செய்யும் வேலை புளிப்பை அடக்குவதும் வழவழப்பைத் தருவதும். முந்திரி அதைத் தாராளமாகச் செய்யும், சரியாக அரைத்தால். 10 முந்திரியை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து வெண்ணெய்போல அரையுங்கள். உலர அரைத்தால் நாக்கில் மணல்போலத் தட்டும். இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். நீங்கள் செய்வதுபோலக் கடைசி நொடியில் ஊற்றினால் அது கெட்டியாக நேரமில்லை. அடியைச் சுரண்டிக்கொண்டே இருங்கள், பிடிக்கும். முந்திரி ஒவ்வாதவர்களுக்குத் தேங்காய்ப்பால்: இரண்டாம் பாலைக் கடலையோடு கொதிக்கவிடலாம், அரை கப் முதல் பாலை அடுப்பை அணைத்தபின் ஊற்ற வேண்டும். முதல் பால் தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். கடைசியாகக் கால் டீஸ்பூன் கரம் மசாலா, கசக்கிய கஸ்தூரி மேத்தி, மல்லித்தழை.

புளிப்பு மிஞ்சினால் ஒரு சுண்டைக்காய் அளவு வெல்லம். உப்பு மிஞ்சினால் உருளைக்கிழங்கைப் போடச் சொல்வார்கள். அது உப்பு நீரைக் கொஞ்சம் உறிஞ்சுமே தவிர, மீதிக் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். கடலையோ தேங்காய்ப்பாலோ கூட்டுவதே பலன் தரும்.

மகளுக்காக இன்னொன்றும் கவனியுங்கள். பாக்கெட்டில் வரும் கிரேவி மிக்ஸ் சிலவற்றில் பால் பவுடர் இருக்கும், பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். கடை நானில் பெரும்பாலும் தயிரோ பாலோ சேர்த்திருப்பார்கள். வெண்ணெய் தடவாத சப்பாத்தி போடுங்கள். மறுநாளுக்கும் வேண்டுமென்றால், முந்திரியோ தேங்காய்ப்பாலோ ஊற்றும் முன்பே ஒரு பங்கை எடுத்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சாப்பிடும் நேரத்தில் சூடாக்கி விழுதைச் சேர்த்துக்கொள்ளலாம்.